கியர் விழவில்லை

பொம்மசந்திரா பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் போகும் பெரிய சாலையில் இருக்கிறது. இங்கே சிறிதும் பெரிதுமாக நிறைய கம்பெனிகள் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஆட்கள் பலர் இங்கே வேலை பார்க்கிறார்கள். சாலையில் எந்த நேரமும் லாரியும் டெம்போவும் ஓடும். வண்டி ஓடினால் பழுதும் வரும். அதனால் மெக்கானிக் கடைகளும் பல உண்டு.

அப்படி ஒரு கடை. அதில் ஒரு மேஸ்திரி. அவருக்கு ஓர் உதவியாள். உதவியாளுக்கு வயது முப்பத்தைந்து. ஊர் பென்னாகரம் பக்கம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. இரண்டு வருடமாகத்தான் மாலை வகுப்பில் எழுத்துப் படிக்கிறார். தமிழ் படிக்க வந்துவிட்டது. ஆங்கில எழுத்துகளில் சில தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலை. மூன்று பேர் ஒரு காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பழைய கார். வெள்ளை நிறம். இரண்டே கதவு. பின்னால் மீன் வால் போல இரண்டு முனை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

கூடவே ஒரு பெரியவர் வந்தார். அவர்தான் காருக்குச் சொந்தக்காரர்.

"மேஸ்திரி, கியர் விழ மாட்டேங்குது. கறகறன்னு சத்தம் வருது. வேற கடையில காட்டினேன். கியர் பாக்ஸ் போச்சு, இறக்கணும்னு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை என் பொண்ணு கல்யாணம். எங்க அப்பா வாங்கின வண்டி இது. பொண்ணு இதுலதான் மண்டபத்துக்குப் போகணும்."

"உட்காருங்க சார். பாக்காம எதுவும் சொல்லக் கூடாது" என்றார் மேஸ்திரி.

அது என்ன கார்?

அதன் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் ஊர்க் கார்தான். சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961ல் இருந்து அங்கே ஹெரால்டு செய்தார்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் கம்பெனி செய்த காரின் மாதிரி அது. அந்தக் காலத்தில் அம்பாசடர், பியட் கார்களில் கியர் ராடு ஸ்டீயரிங்கின் பக்கத்தில் இருந்தது. ஹெரால்டில் தரையில் இருந்தது. இளவட்டங்களுக்கு அது பிடித்துப் போனது. சிறிய வண்டி. சின்ன இடத்தில் வளைத்துத் திருப்பலாம். 1980களின் கடைசியில் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் காரை விட மனமில்லாமல் இன்றும் சிலர் வைத்திருக்கிறார்கள்.

ஹெரால்டுக்கு ஒரு தம்பி உண்டு. 1962ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். அது ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி அதைச் செய்தார்கள். கிளட்சும் கியர் பாக்ஸும் இரண்டுக்கும் ஒரே குடும்பம். ஆகவே இந்தப் பாடத்தில் வருவது அந்தத் தம்பிக்கும் பொருந்தும். கிளட்ச் பெடல் உள்ள மற்ற கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கிளட்ச் என்ன செய்கிறது?

தையல் மெஷினை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாபினில் நூல் சுற்றும்போது தையல்காரர் என்ன செய்வார்? கைச் சக்கரத்தின் நடுவில் உள்ள திருகைத் தளர்த்துவார். பிறகு மிதிப்பார். சக்கரம் சுற்றும். ஊசி அசையாது. திருகை இறுக்கினால் ஊசியும் சேர்ந்து ஓடும்.

காரில் அந்தத் திருகின் வேலையைக் கிளட்ச் செய்கிறது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் இஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே பிடிப்பு விட்டுப்போகும். அப்போது கியரை மாற்றலாம். பெடலை விட்டால் மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

பிடிப்பு முழுவதும் விடவில்லை என்றால்? கியர் பாக்ஸின் பல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற பல்லில் நிற்கிற பல்லைச் சொருகினால் கறகற என்றுதான் சத்தம் வரும். சத்தம் கியர் பாக்ஸில் இருந்து வரும். குற்றம் கிளட்சில் இருக்கும். அந்தக் கடைக்காரர் ஏமாந்தது இங்கேதான். ஏமாந்தாரோ, ஏமாற்றப் பார்த்தாரோ, அது வேறு கதை.

மேஸ்திரி செய்த சோதனை

முதலில் இஞ்சினை ஓட்டவில்லை. நின்ற வண்டியில் கியர் ராடை அசைத்தார். முதல் கியர், இரண்டு, மூன்று, நான்கு, ரிவர்ஸ். எல்லாம் வெண்ணெயில் கத்தி போல விழுந்தன.

"பாத்தியா தம்பி? இஞ்சின் நின்னா கியர் விழுது. அப்போ உள்ளே எதுவும் உடையல. நின்ன வண்டியிலயும் ஒரு கியர் விழலைன்னாத்தான் கியர் ராடு, கியர் பாக்ஸ் பக்கம் சந்தேகப்படணும்."

"அப்ப கிளட்சா அண்ணே?"

"அவசரப்படாதே."

சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். யாரையும் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்க விடவில்லை. பிறகு இஞ்சினை ஓட்டினார். கிளட்ச் பெடலை அடிவரை மிதித்தார். பத்து எண்ணினார். மெதுவாக ரிவர்ஸ் கியரைத் தொட்டார். 'கர்ர்' என்று சத்தம் வந்தது.

ஏன் ரிவர்ஸ்? மேல் கியர்களில் பித்தளை வளையம் ஒன்று இருக்கும். அது இரண்டு பல் சக்கரத்தின் வேகத்தையும் சமமாக்கி, சத்தம் வராமல் சேர்த்து வைக்கும். ரிவர்ஸில் அது இல்லை. ஆகவே ரிவர்ஸ் பொய் சொல்லாது. கிளட்ச் நன்றாக விட்டிருந்தால், பத்து எண்ணுவதற்குள் உள்ளே சுற்றுவது நின்றுவிடும். சத்தமில்லாமல் விழும்.

ஹெரால்டில் முதல் கியருக்கும் அந்த வளையம் கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் முதல் கியர் போட வேண்டும். ஓடும்போது போட்டால் கத்தும். அது வண்டியின் குற்றம் அல்ல.

"சார், வண்டி எவ்வளவு நாள் நின்னுச்சு?"

"ஷெட்டுல ஏழெட்டு மாசம் நின்னுச்சு. கல்யாணத்துக்காகத்தான் வெளியே எடுத்தேன்."

நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவால் ஒட்டிக்கொள்ளும். அப்படியும் இருக்கலாம். ஆனால் ஒட்டியிருந்தால் பெடல் வழக்கம் போலத்தான் இருக்கும். இங்கே பெடல் வேறு மாதிரி இருந்தது. மிதித்தால் சொதசொத என்று போனது. காலை எடுத்தால் மேலே வர மனமில்லாமல் மெதுவாக வந்தது. பாதியிலேயே நின்றது.

ஊசிக்குழாய் போல ஓர் ஏற்பாடு

ஹெரால்டில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவே கம்பி கிடையாது. திரவம்தான் இருக்கிறது. டாக்டர் ஊசி போடும் குழாய் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, நடுவே ஒரு ரப்பர் குழாயால் இணைத்துவிடுங்கள். ஒன்றை அமுக்கினால் மற்றது வெளியே தள்ளும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால்தான் தள்ளுகிறது.

காரில் மேலே ஒன்று இருக்கிறது. அது மாஸ்டர் சிலிண்டர். அதன் தலையில் ஒரு சின்ன டப்பா. கீழே கியர் பாக்ஸ் அருகே இன்னொன்று. அது ஸ்லேவ் சிலிண்டர். சில கடைகளில் அப்பர், லோயர் என்று சொல்வார்கள். பெடலை மிதித்தால் மேலே உள்ளது அமுக்கும். கீழே உள்ளது ஒரு கம்பியைத் தள்ளும். அந்தக் கம்பி கிளட்சை விடுவிக்கும்.

குழாயில் காற்று புகுந்தால் பெடல் சொதசொத என்று போகும். காற்று சுருங்கும் அல்லவா? நாலைந்து முறை வேகமாக மிதித்த பிறகு கியர் விழுந்தால் காற்றையோ கசிவையோ சந்தேகப்பட வேண்டும். சில வண்டிகளில் பெடலை இணைக்கும் பின் தேய்ந்து, ஓட்டை நீண்டு போயிருக்கும். பெடல் போகும் தூரத்தில் பாதி அங்கேயே வீணாகிவிடும். சின்ன பின்தான். அதைப் பார்க்காமல் பெரிய வேலை செய்தவர்கள் உண்டு.

வண்டியை ஜாக்கியில் தூக்கினார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி மேஸ்திரி அடியில் போகவில்லை. இரும்பு ஸ்டாண்டு கொடுத்தார். செங்கல், ஹாலோ பிளாக் கொடுத்தால் திடீரென்று நொறுங்கும். அதில் உயிர் போனவர்கள் இருக்கிறார்கள்.

உதவியாள் பெடலை மிதித்தார். மேஸ்திரி கீழிருந்து கம்பியைப் பார்த்தார். கம்பி அரை அங்குலமாவது நகர வேண்டும். கால் அங்குலம்கூட நகரவில்லை. ஸ்லேவ் சிலிண்டரின் வாயில் ஈரம் இருந்தது.

"சார், நல்ல சேதி. கியர் பாக்ஸை இறக்க வேண்டாம்."

பெரியவருக்கு உயிர் வந்தது. ஹெரால்டில் கியர் பாக்ஸை எடுக்க முன் சீட்டுகளைக் கழற்ற வேண்டும். தரை நடுவில் உள்ள மூடியையும் கழற்றி, காருக்குள் இருந்தே வெளியே எடுக்க வேண்டும். அவ்வளவும் வீண் வேலை ஆகியிருக்கும்.

கம்பி முழுவதும் நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் உள்ளே பார்க்க வேண்டும்.

டப்பாவில் என்ன இருந்தது?

பானெட்டைத் தூக்கினார்கள். ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாயும். அடுத்தடுத்து இரண்டு டப்பாக்கள். ஒன்று கிளட்சுக்கு. ஒன்று பிரேக்குக்கு.

உதவியாள் கிளட்ச் டப்பாவின் மூடியைத் திறந்தார். ரப்பர் வாஷர் ஊதிப்போய் இட்லி போல இருந்தது.

"அண்ணே, இது ஏன் இப்படி இருக்கு?"

மேஸ்திரி பெரியவரைப் பார்த்தார். "சார், இதுல என்ன ஊத்தினீங்க?"

"ஆயில்தான். குறைஞ்சிருந்தது. ஊத்தினேன்."

"எந்த ஆயில்?"

"வீட்டுல இருந்தது. டிக்கியிலதான் கிடக்கு."

உதவியாள் டிக்கியில் இருந்த டப்பாவை எடுத்து வந்தார். ஒரு பக்கம் திருப்பினார். மறுபக்கம் திருப்பினார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. முழுவதும் படிக்க அவருக்கு வராது. ஆனால் ஒரு சொல் அவருக்குத் தெரியும். கடையில் தினமும் பார்க்கிற சொல். பி, ஆர், ஏ, கே, இ. ஐந்து எழுத்து. பிரேக். அந்த ஐந்து எழுத்தை டப்பாவில் விரல் வைத்துத் தேடினார்.

"பிரேக்குன்னு இதுல எங்கேயும் போடலை அண்ணே."

மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். இஞ்சின் ஆயில்.

பெரியவர் படித்தவர். ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டப்பாவைப் படிக்க அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆயில் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பிரேக் ஆயில், கிளட்ச் ஆயில் என்கிறோம். அதனால் ஆயில்தானே என்று ஊற்றிவிட்டார். உண்மையில் பிரேக் ஆயில் எண்ணெயே அல்ல. அது வேறு ரசாயனத் திரவம். பெட்ரோலியத்தில் இருந்து வருவது இஞ்சின் ஆயில். கிளட்ச், பிரேக் சிலிண்டர்களில் உள்ள ரப்பர் கப்புகளுக்கு அது ஆகாது. ரப்பர் ஊறி, உப்பி, மிருதுவாகிவிடும். சிலிண்டருக்குள் சிக்கும். பிறகு கசியும்.

இரண்டையும் வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். மேஸ்திரி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்தார். புதிய பிரேக் ஆயிலில் நாலு சொட்டு விட்டார். அது தண்ணீரோடு கலந்துவிட்டது. இன்னொரு டம்ளரில் கிளட்ச் டப்பாவில் இருந்ததை விட்டார். அது மேலே படலமாக மிதந்தது.

மேஸ்திரியின் முகம் மாறியது.

"சார், பக்கத்து டப்பாவிலயும் ஊத்தினீங்களா?"

பெரியவர் யோசித்தார். "அதுலயும் கொஞ்சம் குறைஞ்சிருந்தது."

மூன்றாவது டம்ளர். பிரேக் டப்பாவில் இருந்து நாலு சொட்டு. அதுவும் மிதந்தது.

யாரும் பேசவில்லை.

சாவி

"கிளட்சை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க மேஸ்திரி. பிரேக் இப்போ நல்லாத்தான் பிடிக்குது. கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் பெரியவர்.

"இப்போ பிடிக்கும் சார். ரப்பர் ஊற நாள் எடுக்கும். இன்னிக்கு பிடிச்சது நாளைக்குப் பிடிக்கும்னு நான் சொல்ல முடியாது. உப்பின ரப்பர் சிக்கிட்டா மிதிக்காமலே பிடிச்சுக்கும். கசிஞ்சுட்டா மிதிச்சாலும் பிடிக்காது. கியர் விழலைன்னா வண்டி இங்கேயே நிக்கும். அவ்வளவுதான். வெளியே லாரி எப்படி வருதுன்னு பாருங்க. பொண்ணை உட்கார வெச்சு இந்த ரோட்டுல போகணுமா?"

"பணம் ஒரு பிரச்சினை இல்லை…"

"பணம் இல்ல சார். நாள்தான். எண்ணெய் பட்ட ரப்பர் அத்தனையும் மாத்தணும். சிலிண்டர் எல்லாம் கழற்றி ஸ்பிரிட் போட்டுக் கழுவணும். குழாய் எல்லாம் கழுவணும். நாலு சக்கரமும் கழற்றணும். ஒரு துளி மிச்சம் இருந்தாலும் புது ரப்பரும் போயிடும்."

மேஸ்திரி சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெரியவருக்குக் கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. மூன்று டம்ளரையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

பழைய வண்டிக்குச் சாமான் வாங்க ஜே.சி. ரோடு போக வேண்டும். பெங்களூரில் வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த தெரு அது. 2025 ஆகஸ்டில் இருந்து பொம்மசந்திராவுக்கு மெட்ரோ ரயில் வந்துவிட்டது. உதவியாள் அதில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் மாறிப் போனார். பழைய ரப்பர்களைப் பையில் எடுத்துக்கொண்டார். முன்பெல்லாம் மேஸ்திரி சீட்டு எழுதித் தருவார். இந்த முறை அவரே எழுதினார்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1966
கிளட்ச் மாஸ்டர் கிட் 1
கிளட்ச் ஸ்லேவ் கிட் 1
பிரேக் மாஸ்டர் கிட் 1
வீல் சிலிண்டர் கிட், 4 சக்கரத்துக்கு
ரப்பர் குழாய், மாதிரி கையில்
பிரேக் ஆயில் டாட் 3, சீல் உடைக்காதது, 2 டப்பா

சீல் உடைக்காதது என்று ஏன் எழுதினார்? பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். திறந்து கிடந்த டப்பா உதவாது. இன்னொன்றும் உண்டு. அது பெயிண்டின் மேல் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

கிளட்ச் கிட் அன்றே கிடைத்தது. வீல் சிலிண்டர் கிட் கிடைக்கவில்லை. சனிக்கிழமைதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மணமகள் வாடகைக் காரில் மண்டபத்துக்குப் போனார்.

காற்று எடுத்தல்

மறுவாரம் வேலை நடந்தது. எல்லாம் மாட்டிய பிறகு குழாயில் உள்ள காற்றை எடுக்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரில் ஒரு சின்ன நிப்பிள் இருக்கும். அதில் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டினார்கள். குழாயின் மறுமுனை பாட்டிலில் உள்ள பிரேக் ஆயிலுக்குள் இருந்தது.

"அமுக்கு" என்றார் மேஸ்திரி. உதவியாள் பெடலை அமுக்கினார். மேஸ்திரி நிப்பிளைத் தளர்த்தினார். பாட்டிலில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. நிப்பிளை இறுக்கினார். "விடு" என்றார். இறுக்கும் முன்னே பெடலை விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். நடு நடுவே மேல் டப்பாவை நிரப்பினார்கள். குமிழ் நிற்கும்வரை செய்தார்கள். பிரேக்கிலும் ஒவ்வொரு சக்கரமாக அப்படியே செய்தார்கள்.

பிரேக் டிரம்மைத் திறந்தபோது கறுப்புத் தூசி இருந்தது. உதவியாள் வாயால் ஊதப் போனார். மேஸ்திரி தடுத்தார். பழைய பிரேக், கிளட்ச் லைனிங்கில் கல்நார் இருக்கும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்து நுரையீரலைக் கெடுக்கும். ஊதக் கூடாது. காற்றுக் குழாயால் அடிக்கவும் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

பிறகு பழைய சோதனை. இஞ்சினை ஓட்டி, பெடலை மிதித்து, பத்து எண்ணி, ரிவர்ஸ். சத்தமே இல்லை.

பெரியவர் வந்தார். மகளும் மருமகனும் கூட வந்தார்கள். மகள்தான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பெனிகளுக்கு நடுவே உள்ள காலித் தெருவில் ஓட்டினார்கள். முதலில் பிரேக்கை நாலு முறை பார்த்தார்கள். பிறகு நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார் மேஸ்திரி. இஞ்சின் மட்டும் கத்தி, வண்டி வேகம் எடுக்காமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது, பிளேட் தேய்ந்தது என்று பொருள். அப்படி இல்லை. வண்டி நன்றாக இழுத்தது.

மூன்றில் இருந்து இரண்டுக்கு மாற்றும்போது மட்டும் லேசாகக் 'கர்' என்றது.

"இன்னும் சரியாகலையா?" என்று மகள் கேட்டார்.

"இது வேற அம்மா. மத்த கியர் எல்லாம் சத்தமில்லாம விழுது. ஒரே ஒரு கியர்ல மட்டும் வந்தா, அந்தக் கியரோட பித்தளை வளையம் தேஞ்சிருக்கு. இது நிஜமாவே கியர் பாக்ஸ் வேலைதான். அவசரமில்ல. இரண்டாவது கியர் போடும்போது கொஞ்சம் நிதானமாப் போடுங்க. ரொம்ப நாள் ஓடும்."

பெரியவர் சாவியை வாங்கிக்கொண்டார். டிக்கியில் இருந்த இஞ்சின் ஆயில் டப்பாவை எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தார். "உங்க கடையில வெச்சுக்குங்க" என்றார்.

உதவியாள் இரண்டு துண்டு அட்டையில் எழுதி, இரண்டு டப்பாவின் கழுத்திலும் கட்டினார். 'பிரேக் ஆயில் டாட் 3 மட்டும்.'

பயிற்சி

1. இஞ்சின் நின்றால் கியர் விழுகிறது. இஞ்சின் ஓடினால் விழவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்? ஏன்?
2. இரண்டு டம்ளர் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் சமையல் எண்ணெய் சில சொட்டு விடுங்கள். மற்றதில் சர்பத் விடுங்கள். என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள்.
3. கல்யாணத்துக்குக் காரைத் தர மேஸ்திரி மறுத்தார். பெரியவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? வகுப்பில் பேசுங்கள்.
4. உங்கள் வீட்டில் உள்ள டப்பா, பாட்டில்களில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெயர் ஒட்டாத பாட்டில் இருக்கிறதா? அதில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள்.